உன் நண்பனின் காதைப் பற்றி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

போனில் பேசிவிடக்கூடியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். மாசி பிறந்ததிலிருந்து நீ மூன்று முறை போன் செய்திருக்கிறாய். மூன்று முறையும் அம்மாவிடம் சாப்பாட்டை விசாரித்துவிட்டு, "அப்பா தூங்கியிருப்பார், எழுப்ப வேண்டாம்" என்று வைத்துவிட்டாய். இரவு எட்டரை மணிக்குத் தூங்கும் வழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அது போகட்டும்.

கடைசியாக நீ என்னிடம் பேசியபோது, உன் நண்பன் ஒருவனுக்கு இரவில் படுத்த பிறகு காதுக்குள் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது என்றும், மைக் செட் போட்ட காலத்தில் எனக்கு அப்படி இருந்ததா என்றும் கேட்டாய். "அதெல்லாம் இரண்டு நாளில் தானாகப் போய்விடும்" என்று நான் சொன்னேன். அந்தப் பதிலை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதை அந்த நண்பனிடம் நீ சொல்லியிருந்தால், உன் அப்பா யோசிக்காமல் சொல்லிவிட்டார் என்று சொல்லிவிடு.

பாட்டை மிக்ஸ் செய்யும்போது, அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சேர்க்கும்போது, ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ளச் சொல். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால், 88க்கு நான்கு மணி நேரம்தான், 91க்கு இரண்டு மணி நேரம்தான். இப்படி மும்மூன்றாக ஏறி 100 டெசிபலைத் தொடும்போது மிஞ்சுவது கால் மணி நேரம் என்று ஒரு காது மருத்துவர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். எந்த மருத்துவர், எப்போது என்பதைப் பின்னால் எழுதுகிறேன். ஹெட்போனை மணிக்கு ஒரு முறை கழற்றி வைத்துவிட்டு மொட்டை மாடியில் பத்து நிமிடம் நிற்கச் சொல். சத்தத்தைக் கூட்டினால் அடிச்சுருதி நிறைந்து ஒலிப்பதாகக் காது நம்பிவிடும் என்பதை 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள் என்று எனக்குப் படித்துச் சொன்னவனே நீதான். ஆகவே குறைத்து வைத்துக் கேட்பது காதுக்கு மட்டுமல்ல, பாட்டுக்கும் நல்லது.

அக்காவின் மாமனாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஒலியைக் குறைத்து வைக்க மட்டும் மறக்க வேண்டாம்.

நீ பாட்டுக் கட்டும் விதத்தைச் சென்ற தீபாவளிக்கு வந்தபோது இரண்டு இரவுகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. ஏழு தந்திக் கிதாரின் தடித்த தந்தியை 55 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 55 அதிர்வு வரை தளர்த்தி, அதை ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பினாய். அந்தப் பச்சை ஒலி, ஜாமெட்ரி பாக்ஸில் ரப்பர் பேண்டை மாட்டி இழுத்ததுபோல இருந்ததால், இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது இதற்குத்தானா என்று எனக்கு உள்ளூர எரிச்சலாக இருந்தது. பிறகு நீ பிளக்-இன் என்கிற, ஒலியை மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்றைத் திறந்து, ஏதோ ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் எதிரொலியை அளந்து வைத்த சின்னக் கோப்பு ஒன்றை அதில் ஏற்றினாய். கொட்டகைக்குள் லாரி நுழைந்ததுபோல அந்த ஒலி எழுந்து நின்றது. எட்டு அட்சரமே உள்ள ஒரு ரிஃபை, பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் துண்டை, இடது பக்கத்துக்கு ஒரு முறை, வலது பக்கத்துக்கு ஒரு முறை என்று தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்தாய். ஒன்றையே நகலெடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அகலம் வராது, இரண்டு வாசிப்புக்கும் இடையில் உள்ள மயிரிழை வித்தியாசம்தான் அகலத்தைத் தருகிறது என்றாய். அந்த எட்டு அட்சரத்துக்காக நீ முப்பத்தேழு முறை வாசித்ததை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு மனப்பாடச் செய்யுளை மூன்று முறை படிக்காத பிள்ளை நீ.

பாட்டின் வரிகளை அக்கா எனக்குப் படித்துக் காட்டினாள். நீ பாடும்போது ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. அப்பத்தா தீப்பெட்டி ஒட்டிய விரல்களையும், பசை காய்ந்து வெடித்த நகங்களையும் நீ எழுதியிருப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி, கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக்கூட அதில் வைத்திருக்கிறாய். அதை அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டபோது உனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு வரிகள் பிடித்திருந்தாலும் உன் தொண்டையைப் பற்றிய கவலை தீரவில்லை. தொண்டையைக் கிழித்துக் கத்துவதில்லை, உண்மையான குரல்நாணுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாணை அதிரவிட்டுத்தான் அந்த உறுமல் வருகிறது என்று நீ விளக்கியதை நானும் அவளிடம் நான்கு முறை சொல்லிவிட்டேன். அவளோ, உண்மையோ போலியோ தொண்டை ஒன்றுதானே என்று பனங்கற்கண்டு வாங்கி வைத்திருக்கிறாள். எதிர் வீட்டுக்காரர் அன்று கதவைத் தட்டி, "வீட்டில் ஏதாவது சண்டையா?" என்று கேட்டதற்கு, "பையன் வேலை பார்க்கிறான்" என்று நான் சொன்ன பதில் உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பகலெல்லாம் கம்பெனி வேலை, இரவு இரண்டு மணி வரை ஜன்னலில்லாத அந்த அறையில் ஹெட்போன் என்று இருந்தால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? நான் அந்த நண்பனைச் சொல்கிறேன். 2011ஆம் வருஷம் பரீட்சை என்று சொல்லிவிட்டு நீ பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா இசைக்குழுவைக் கேட்கப் போனாயே, திரும்பி வந்த பிறகு அம்மா கூப்பிட்டது இரண்டு நாள் உன் காதில் விழவில்லை. அதை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். அன்று நான் கோபப்படவில்லை, சிரித்தேன். மைக் செட்காரன் பிள்ளை சத்தத்தைத் தேடிப் போனான் என்று கடையில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அன்றைக்குக் கோபப்பட்டிருக்க வேண்டும்.

பிளாக் சபாத் இசைக்குழுவின் கிதார்காரர் டோனி ஐயோமியின் கதையை நீ எனக்குச் சொன்னது பதினேழு வயதில். அவரும் பதினேழு வயதில்தான் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார் என்றும், பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டு வாசித்தார் என்றும், தந்தியின் இறுக்கம் வலிக்காமல் இருக்கச் சுருதியைத் தளர்த்தியதும் அந்தக் கனத்த ஒலிக்கு ஒரு காரணம் என்றும் சொன்னாய். எனக்கு உடனே நம் கோயில் தவில்காரர் நினைவுக்கு வந்தார். அவர் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு உட்காருவதை நீ சின்ன வயதில் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறாய். விரலுக்கு மேலே மாட்டிக்கொள்ள எத்தனையோ உண்டு. உள்காதில் நத்தைக் கூடுபோலச் சுருண்டிருக்கும் இடத்தில் உள்ள மயிரணுக்கள் ஒரு முறை போனால் மறுபடியும் முளைப்பதில்லை என்று அந்த மருத்துவர் சொன்னார்.

அந்த மருத்துவரிடம் நான் போனது சென்ற ஐப்பசியில், நீ தீபாவளிக்கு வந்து போன மறு வாரம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. மதுரைக்கு ஆம்ப்ளிஃபையர் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் எல்லாம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்ணின் கை அசைவதைப் பார்த்து நான் பித்தானை அழுத்தினேன். மூன்றாவது முறை அவள் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அறுபத்தாறு வயதில் பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவன் நான்.

பரிசோதனைத் தாளில் என் காதின் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை நேராகப் போகிறது. 2000இல் சரியத் தொடங்கி, 4000இல் கிணற்றில் விழுந்ததுபோல விழுந்து, 8000இல் கொஞ்சம் மேலே வருகிறது. சத்தத்தில் வேலை பார்த்தவர்களின் காது இப்படித்தான் இருக்கும், 4000இல் பள்ளம் விழுவதே அதன் அடையாளம் என்றார் மருத்துவர். முப்பது வருஷம் பங்குனிப் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அது சரியாகப் பாடுகிறதா என்று அதன் வாய்க்கு நேராகக் காதை வைத்துப் பார்த்தவன் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? தாளை மடித்து பீரோவில் எல்.ஐ.சி. பத்திரத்துக்கு அடியில் வைத்துவிட்டேன்.

தை மாதம் நீ அந்தப் பாட்டை அனுப்பி, "அப்பா, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். மைக் செட் கடையையே மூடிவிட்ட பிறகு ஒலியைப் பற்றி என்னிடம் ஒருவரும் கருத்துக் கேட்டதில்லை. குடோனில் பழைய பெட்டி மேல் உட்கார்ந்து, நீ வாங்கிக் கொடுத்த ஹெட்போனில் ஏழு முறை கேட்டேன். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் இரட்டைப் பெடலில் ஓடும் இடம் எனக்குத் தூரத்து வயலில் டிராக்டர் ஓடுவதுபோலக் கேட்டது. ஆகவே, "தாளம் மங்கலாக இருக்கிறது, அடி தனித்தனியாக விழவில்லை" என்று உனக்கு எழுதினேன்.

அந்த வேகத்தில், நிமிடத்துக்கு 200 எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு அடி என்றால் நொடிக்குப் பதின்மூன்று அடி. அந்த அடிகளைப் பிரித்துக் காட்டுவது கீழேயுள்ள அதிர்வு அல்ல, தோலில் சுத்தி படும் அந்த 'டிக்' ஒலிதான், அது இருக்கும் இடம் ஏறக்குறைய 4000 ஹெர்ட்ஸ் என்று தீபாவளியன்றே நீ எனக்குத் திரையில் காட்டியிருந்தாய். எனக்குத் தெரியும். உன் பாட்டில் அது இருந்தது, என் காதில்தான் இல்லை என்பதும் உனக்கு எழுதிய அன்றே எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். என்னால் கேட்க முடியவில்லை என்று சொல்வதைவிட, உன் மிக்ஸில் குறை இருக்கிறது என்று சொல்வது எளிதாக இருந்தது.

அதன் பிறகு நீ மூன்று வாரம், தினமும் இரவு இரண்டு மணி வரை, நான் சொன்ன அந்த அடியைத் தேடிச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டிருக்கிறாய். 4000 பக்கம் ஆறு டெசிபல் ஏற்றி, அதற்கு ஈடாகக் கிதாரையும் ஏற்றி, கடைசியில் பாட்டு காதைக் குத்துகிறது என்று டிரம்ஸ் வாசிக்கும் பையன் சொன்னதும் அப்படியே மூடி வைத்துவிட்டாய். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு நீ இரண்டையும் அனுப்பியிருக்கிறாய். முதலில் செய்ததுதான் நன்றாக இருக்கிறது என்கிறாள். அவள் காது நல்ல காது. உன் நண்பனுக்கு அந்த ரீங்காரம் எந்த வாரத்தில் தொடங்கியது என்று நான் கேட்கப்போவதில்லை. நாளை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ ஐந்து வயதில் கொடைக்கு என்னோடு வந்து, இரவில் பெரிய பாக்ஸுக்குப் பின்னால் ஜமுக்காளத்தில் தூங்குவாய். பின்பக்கம்தானே, சத்தம் முன்னால்தானே போகிறது என்று நானே உன்னை அங்கே படுக்க வைப்பேன். அதில் எவ்வளவு உனக்குச் சேர்ந்தது என்று யாராலும் அளக்க முடியாது.

தை மாதத்து மிக்ஸையே வைத்துக்கொள். ஆனால் ஒரு திருத்தம் சொல்கிறேன், இதை நீ நம்பலாம், ஏனென்றால் என் கோடு இந்த இடத்தில் நேராக இருக்கிறது. இரண்டாவது சரணம் முடிந்து எல்லாக் கிதாரும் சேர்ந்து இறங்கும் இடத்தில், பேஸ் கிதாரும் கிக் டிரம்மும் 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றை ஒன்று நெரிக்கின்றன. பேஸ் கொஞ்சம் தாமதமாகவும் வருகிறது. முதல் சரணத்தில் அப்படி இல்லை. அதை மட்டும் பகலில், சத்தத்தைக் குறைத்து வைத்து, பார்.

என் பரிசோதனைத் தாளை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அந்த நண்பனையும் ஒரு முறை போய் இப்படி ஒரு தாள் எடுக்கச் சொல். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். செலவை நான் அனுப்புகிறேன், எவ்வளவு என்று கேட்டு எழுது. பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நீ வரும்போது அந்தத் தாளையும் கொண்டு வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அம்மாவிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாகத் தெரியும் என்றாள். போன் செய்தால் என்னைக் கூப்பிடச் சொல். இடது காதில் வைத்துக்கொள்கிறேன், அதில் இன்னும் கேட்கிறது.

இப்படிக்கு,
அப்பா