முதல் வகுப்பு வயது: அட்டவணையில் இல்லாதவை

ஆசிரியருக்கு வணக்கம்.

எந்த நாட்டில் எத்தனை வயதில் குழந்தை முதல் வகுப்புக்குப் போகிறது என்று சென்ற இதழில் வந்த அட்டவணையைப் பார்த்தேன். இங்கிலாந்து 5, ஜப்பான் 6, ஃபின்லாந்து 7. இதை வைத்துக்கொண்டு, தாமதமாகச் சேர்த்தால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

ஃபின்லாந்துப் பிள்ளை 7 வயதுவரை வீட்டில் விளையாடிக்கொண்டே இருப்பதில்லை. 6 வயதில் ஓராண்டு முன்பள்ளி உண்டு; 2015 முதல் அது கட்டாயம். பிரான்சில் 2019 முதல் 3 வயதிலேயே கல்வி கட்டாயம், ஆனால் முதல் வகுப்பு 6 வயதில்தான். அப்படியானால் பிரான்சுக்கு எதிரே எந்த எண்ணைப் போடுவது? இங்கிலாந்தின் 5 கூட சட்டத்தில் இருக்கும் வயதுதான். நடைமுறையில் பெரும்பாலான பிள்ளைகள் 4 வயது முடிந்ததும் வருகிற செப்டம்பரிலேயே, முதல் வகுப்புக்கு முந்தைய ‘ரிசப்ஷன்’ வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சிங்கப்பூரிலும் 7 வயது நிறையும் ஆண்டில்தான் முதல் வகுப்பு. ஆனால் அதற்கு முன்பே பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வருடம் மழலையர் பள்ளியில் எழுத்தும் எண்ணும் பழகிவிடுகிறார்கள். ஃபின்லாந்தின் 7 வேறு, சிங்கப்பூரின் 7 வேறு.

மொழியையும் கட்டுரையாளர் கணக்கில் எடுக்கவில்லை. ஃபின்னிஷ் மொழியில் ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய ஒரே ஒலி. எழுத்துகளைத் தெரிந்துகொண்ட பிள்ளை சில மாதங்களில் வாசிக்கத் தொடங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, உச்சரிப்பது இன்னொன்று. அங்கே சரளமாக வாசிக்கக் கூடுதல் காலம் பிடிக்கிறது. ஃபின்லாந்துக்கு நிதானமாகத் தொடங்குவது கட்டுப்படியாகிறது என்றால், அதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

சரி, அரசு நினைத்தால் வயதை மாற்றிவிடலாமா? நார்வே 1997-இல் 7-ஐ 6 ஆக்கியது, அது நிலைத்தது. போலந்தும் 6-க்குக் கொண்டுவந்தது; பெற்றோர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், 2016-இல் மறுபடியும் 7.

என்னைக் கேட்டால், 5-ஆ 7-ஆ என்பதைவிட ஒரே வகுப்புக்குள் இருக்கும் வயது வித்தியாசம்தான் பிள்ளையை அதிகம் பாதிக்கிறது. ஜப்பானில் ஏப்ரல் 1 அன்று பிறந்த குழந்தை வகுப்பிலேயே சின்னது. மறுநாள் பிறந்தது அடுத்த ஆண்டுதான் பள்ளிக்குப் போகும், அங்கே அதுதான் மூத்தது. 6 வயதில் ஒரு வருடம் என்பது சாதாரணமா? வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளுக்குக் கவனக்குறைபாடு என்று முத்திரை குத்துவது அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைபாடு ஒன்றுமில்லாமல், வெறும் மாத வித்தியாசமே அப்படித் தோன்றவைத்த பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். ஜெர்மனியின் பவேரியாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை 6 வயது நிறையும் பிள்ளைகளை அந்த ஆண்டே சேர்ப்பதா, அடுத்த ஆண்டா என்று பெற்றோரே முடிவு செய்யலாம். தேசிய வயதைப் பற்றி வாதாடுவதைவிட இது உருப்படியான ஏற்பாடு.

அடுத்த முறை இப்படி ஓர் அட்டவணை போடும்போது, கல்வி எந்த வயதில் கட்டாயமாகிறது, பிறந்தநாள் கணக்கு எந்தத் தேதியோடு முடிகிறது, பெற்றோர் ஓராண்டு தள்ளிப்போட முடியுமா என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்