தேர்வுத்தாளில் கொடுக்கப்படாத எண்கள்

ஆசிரியருக்கு,

பொறியியல் பட்டதாரிகள் முதல் வேலையில் தடுமாறினால், பாடத்திட்டம் பழையது, புது மென்பொருள் எதுவும் சொல்லித் தரவில்லை என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. மென்பொருளைச் சில வாரங்களில் பழகிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கல்லூரித் தேர்வில் கணக்குக்கு வேண்டிய எண்கள் எல்லாமே கேள்வியிலேயே இருக்கும். வேலையில் எந்தெந்த எண் வேண்டும் என்பதையே பட்டதாரிதான் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கான பழக்கத்தை நான்கு ஆண்டுப் படிப்பு பெரும்பாலும் தருவதில்லை.

சுழலும் தண்டைத் தாங்கும், 6205 என்ற எண் கொண்ட சாதாரண பால் பேரிங்கையே எடுத்துக்கொள்ளலாம். உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ. சுமை இரட்டித்தால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பதை இயந்திரவியல் மாணவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேலையில் அதே பேரிங்கை அலுமினிய ஹவுசிங்கில், அதாவது பேரிங் உட்காரும் உறையின் துளையில், பொருத்தச் சொல்கிறார்கள். ஆயுளைச் சரியாகக் கணக்கிடுகிறார். துளைக்குக் கையேட்டில் உள்ள வழக்கமான எச்7 டாலரன்ஸைப் (துளையின் அளவு எவ்வளவு கூடலாம் என்ற வரம்பு) போட்டு டிராயிங்கை அனுப்பிவிடுகிறார். பாகம் வருகிறது, அளவுகள் சரியாக இருக்கின்றன, தரச் சோதனையிலும் தேறிவிடுகிறது.

இயந்திரம் ஓடி, வெப்பநிலை 60 டிகிரி கூடும்போதுதான் வினை. 52 மி.மீ. அலுமினியத் துளை சுமார் 72 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரிகிறது. உள்ளே இருக்கும் பேரிங்கின் எஃகு வெளிவளையமோ அதே சூட்டில் சுமார் 37 மைக்ரான்தான் விரிகிறது. பொருத்தியபோது இருந்ததைவிட இடைவெளி 35 மைக்ரான் கூடிவிடுகிறது. வெளிவளையத்தின் பிடி தளர்கிறது. அதிலும் சுழலும் பாகம் பேலன்ஸ் இல்லாமல் இருந்தால், வளையம் ஹவுசிங்குக்குள்ளேயே மெல்ல நகர்ந்து சுற்றித் துளையைத் தேய்த்துவிடும். பிறகு அதிர்வு, சத்தம், வாடிக்கையாளரின் புகார். வெப்ப விரிவு அந்தப் பட்டதாரிக்குத் தெரியாத பாடமா? பள்ளியிலேயே படித்ததுதான். கேள்வியில் வெப்பநிலை கொடுக்கப்படாததால், 'இது எவ்வளவு சூடாகும்?' என்று கேட்கத் தோன்றவில்லை.

புதியவர்கள் கையில் பெரிய வடிவமைப்பு எதையும் யாரும் கொடுப்பதில்லை. சிறு மாற்றங்களைத்தான் கொடுப்பார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் தாங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். தயாரிக்க எளிதாக இருக்கும் என்று அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலிருந்தே தொங்க, மேல் உத்தரத்துக்கு அடியில் இருந்த நட்டின் மீது சுமை இரட்டிப்பானது. (முதல் வடிவமைப்பே கட்டட விதி கேட்ட வலிமைக்குக் குறைவானது என்று பின்னால் தெரிந்தது.) இதைக் கண்டுபிடிக்க எந்த இடத்தில் எந்த விசை செயல்படுகிறது என்று முதலாண்டு மாணவர் போடும் விசைப்படம் போதும். மாற்றம் வந்தபோது யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே அடிப்படைப் பாடங்களைக் குறைத்துவிட்டு 'வேலைவாய்ப்புத் திறன்' வகுப்புகளை நிரப்பும் போக்கை நாங்கள் ஏற்கவில்லை. முதல் சில ஆண்டுகளில் பட்டதாரியைக் காப்பாற்றுவது அந்த அடிப்படைதான். அதைப் பயன்படுத்தும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்: உள்ளே வரும் தரவு எந்த வரம்பில் இருக்கும் என்று கேட்காமல் எழுதிய நிரலும் இப்படித்தான் பின்னாளில் உடைகிறது.

இறுதியாண்டு புராஜெக்டில் இரண்டு மாற்றங்கள் செய்தாலே பெரிய பலன் கிடைக்கும். கணக்கைக் கொடுக்கும்போது இரண்டு மூன்று முக்கிய எண்களை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். மாணவரே அவற்றை அளந்தோ, தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்தோ, மதிப்பிட்டோ எடுக்கட்டும். எங்கிருந்து எடுத்தார், எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதட்டும். அடுத்தது, புராஜெக்டை ஒப்படைக்க மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பொருளையோ சுமையையோ மாற்றிச் சொல்லுங்கள். எஃகு அலுமினியமானால் எந்தெந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்ற பட்டியலுக்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம். புது ஆய்வகமோ கருவியோ இதற்குத் தேவையில்லை. வினாத்தாள் தயாரிப்பவருக்கு வேலை கூடும், அது உண்மை.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேர்ந்தவரை முதல் ஆறு மாதம் கணினி முன் மட்டும் உட்கார வைக்காதீர்கள். பழுதாகித் திரும்பி வரும் பாகங்களைப் பிரிக்கும் இடத்துக்கு வாரத்தில் ஒரு நாளாவது அனுப்புங்கள். தேய்ந்த துளையை அவரே போர் கேஜ் (துளையின் உள்விட்டத்தை அளக்கும் கருவி) வைத்து அளக்கட்டும். அந்தப் பாகத்தின் டிராயிங்கையும் அதன் பழைய ரிவிஷன்களையும் பக்கத்தில் விரித்து, எந்த மாற்றத்தில் எந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை மூத்த பொறியாளர் ஒருவர் அவருடன் உட்கார்ந்து படித்து, திருத்தி, கையெழுத்திட வேண்டும்.

இங்ஙனம்,
இயந்திர வடிவமைப்புப் பொறியாளர்கள் சிலர்