உரலுக்கடியில் கம்பளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் ‘நெல் குத்தும் தமிழ்ப் பெண்’ என்ற பழைய தபாலட்டைப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டு, ‘நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முற்றங்களில்’ என்று விளக்கமும் எழுதியிருந்தீர்கள். படம் அழகுதான். விளக்கம்தான் பிழை. அது முற்றமே அல்ல, ஸ்ரூடியோ.

உரலின் அடியைப் பாருங்கள். பூப்போட்ட கம்பளம் விரித்திருக்கிறார்கள். பின்னால் நிற்கும் தென்னை திரைச்சீலையில் வரைந்தது. சீலையின் கீழோரம் சுருங்கிக் கிடப்பதுகூடத் தெரிகிறது. சுளகைக் காணோம். சிந்திய உமி ஒரு பொட்டுக்கூட இல்லை.

என் அம்மம்மா வன்னிக் காட்டூரான ஒட்டுசுட்டானில் பாலை மரத்து உரலில் குத்துவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உலக்கையைக் கைக்குக் கை மாற்றிக் குத்துவார். சிந்தும் நெல்லைக் காலாலேயே கூட்டி ஒதுக்குவார். வியர்த்த கழுத்தில் உமி அப்பியிருக்கும். படத்துப் பெண்ணின் கழுத்திலோ நகைதான் அப்பியிருக்கிறது. உலக்கையை இரண்டு கையாலும் பிடித்தபடி சிலைபோல் நிற்கிறாள். அசைந்தால் கண்ணாடித் தகட்டில் உருவம் கலங்கிவிடும் என்று அதட்டி நிறுத்தியிருப்பார்கள், பாவம்.

அன்று இது நல்ல வியாபாரம். ஸ்கீன், 1890இல் தொடங்கிய பிளேட் போன்ற கொழும்புப் புகைப்பட நிறுவனங்கள் கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்களுக்குப் படம் விற்றன. 1902இல் பிரித்தானிய அஞ்சல் துறை முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுதலாம் என்று அனுமதித்ததும், அட்டையின் மறுபக்கம் முழுவதும் படத்துக்கென்று ஆனது. குத்துவதும் அரைப்பதும் தண்ணீர் சுமப்பதும் விலைபோயின. உங்கள் அட்டையிலும் அவள் பெயர் இல்லை. இனமும் தொழிலும்தான் இருக்கின்றன. இத்தனைக்கும் 1905 முதல் ரயில் எங்கள் காட்டுக்குள்ளால்தான் காங்கேசன்துறைக்குப் போனது. மாங்குளத்தில் இறங்கியிருந்தால் உமி பறக்கும் முற்றம் எத்தனையோ கண்டிருக்கலாம்.

எங்கள் அல்பம் 2009இல் ஒரு பதுங்கு குழியோடு போயிற்று. அம்மம்மாவுக்கு மிஞ்சியது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். என் மகள் உங்கள் படத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி, கீழே ‘எங்கள் பூட்டி’ என்று எழுதி வைத்திருக்கிறாள். நானும் உடனே திருத்தவில்லை. மனம் வரவில்லை.

‘ஸ்ரூடியோவில் எடுத்தது’ என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். அதையும் வெட்டி அந்தக் கொப்பியில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒட்டுசுட்டான்