ஒரே துணி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். தூக்கம்தான் இன்னும் உங்கள் ஊர் நேரத்திலேயே நிற்கிறது. ராத்திரி மூன்று மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கெட்டிஸ்பர்க் போன அன்று உன் மேல் கோபம்தான். ஊர் சுற்றிக் காட்டச் சொன்னால் இடுகாட்டுக்கா கூட்டிவருவாள் என்று. மாப்பிள்ளை பாவம், ஒவ்வொரு பீரங்கியாக நின்று விளக்கினார். 1863 ஜூலை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் மூன்று நாள் சண்டை, செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று இரண்டு பக்கமும் சுமார் 51,000 பேர். எனக்கு மண்டையில் ஏறவில்லை. அந்த ஊரின் ஜனத்தொகையே அப்போது 2,400தான் என்றாரே, அப்போதுதான் திக்கென்றது. படைகள் கிளம்பிவிட்டன, அடிபட்டுக் கிடந்த 20,000 பேருக்குக் கஞ்சியும் தண்ணீரும் யார் கொடுத்தார்கள்? அந்த ஊர் வீட்டுப் பெண்கள்தானே.

நீ சொன்ன அந்தச் சிப்பாய் கதைதான் என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. செத்துக் கிடந்தவன் கையில் மூன்று பிள்ளைகளின் படம். பெயர், விலாசம் எதுவும் இல்லை. பத்திரிகையில் புகைப்படம் அச்சிட வழியில்லாத காலம், அதனால் பிள்ளைகளின் அடையாளத்தை எழுத்தில் போட்டார்கள். பெரிய பையனின் மேல்சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணி என்று அதில் ஒரு வரி. நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற சின்ன ஊரில் பிலிண்டா என்பவள் அந்தச் செய்தியைப் பார்த்தாள். சண்டைக்கப்புறம் புருஷனிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. படம் அவள் அனுப்பியதுதான். நவம்பரில், செத்தவன் அமோஸ் ஹியூமிஸ்டன் என்று உறுதியானது.

அந்தத் துணியை வெட்டும்போது அவள் என்ன நினைத்திருப்பாள்? மிச்சத் துண்டில் பையனுக்கும் ஒன்று தைத்துவிடலாம், காசு மிச்சம் என்றுதான். வேறென்ன.

1866இல் அதே கெட்டிஸ்பர்க்கில் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு அநாதை இல்லம் திறந்தார்கள். மூன்றையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வேலைக்குப் போனாள். புருஷனைப் புதைத்த ஊர். எப்படித்தான் இருந்தாளோ.

இப்போது பீரோவைக் குடைந்து அந்தத் தீபாவளி போட்டோவை எடுத்து வைத்திருக்கிறேன். பச்சைக் கட்டம், உனக்குக் கவுன், தம்பிக்குச் சட்டை. துணி பற்றாமல் அவன் பாக்கெட்டில் கட்டம் கோணலாக விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? போடமாட்டேன் என்று அழுதான்.

அம்மா