ஜிப்சிக்காக அழாதே

அன்பு மாப்ளே,

உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்.

"ஜிப்சி மாதிரி ஜீனோமில் இடம் மாறித் திரியும் தாவும் மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏக்கள், அதாவது பை-ஆர்என்ஏ, ஈயின் சூலகத்தில் காணவே இல்லை, பாதுகாப்பே இல்லை" என்று அலறியிருக்கிறாய். ஆர்என்ஏவை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 18 முதல் 24 நியூக்ளியோடைடு (எழுத்து) வரை மட்டும் வெட்டினால் எங்கே இருக்கும்? அதைவிடக் குட்டையான மைக்ரோ ஆர்என்ஏவை வெட்டிய பழக்கம் உன்னை விடவே இல்லை! பழ ஈயின் பை-ஆர்என்ஏ 23 முதல் 29 நியூக்ளியோடைடு. இன்னும் மேலே வரை வெட்டு. ஆனால் 30-இல் 2எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ உட்கார்ந்திருக்கும். அதோடு ஒட்டும் எதிர் ஆலிகோ (குட்டி டிஎன்ஏ துண்டு) போட்டுத் தடுக்காவிட்டால் சீக்வென்சிங் காசை அதுவே தின்றுவிடும்.

அதைவிடக் கொடுமை, ஜீனோமில் ஒரே இடத்தில் பொருந்தும் ரீடுகளை (சீக்வென்சிங்கில் படித்த துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டாயாமே! தாவும் மரபணுவுக்கு ஜீனோமெங்கும் நகல்கள். ஊர் ஊராய்த் திரிகிறவனைத் தேடுகிற ஆள், ஒரே விலாசம் உள்ளவனையா விசாரிப்பான்? பல இடத்தில் பொருந்துவதையும் சேர்த்து, இடங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பங்கிடு. பிறகு எதிரெதிர் இழைகளில் உள்ள ரீடுகளின் 5' முனைகள் எத்தனை எழுத்து ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று எண்ணு. ஆபர்ஜின் புரதம், தான் பிடித்திருக்கும் பை-ஆர்என்ஏவின் 10, 11-ஆம் எழுத்துகளுக்கு நேர் எதிரே இலக்கை வெட்டும். அந்த வெட்டு முனையே ஆகோ-3 என்ற இன்னொரு புரதம் பிடிக்கும் அடுத்த பை-ஆர்என்ஏவின் தொடக்கம். அதனால் இப்படி இரண்டும் மாறி மாறி வெட்டும் பிங்-பாங் நடந்திருந்தால் வரைபடத்தில் 10-இல் கோபுரம் மாதிரி எழும். கூடவே ஒரு பக்கம் முதல் எழுத்து யு, மறுபக்கம் பத்தாவது எழுத்து ஏ என்ற சாய்வும் தெரிந்தால்தான் நான் நம்புவேன்.

இத்தனையும் செய்து ஜிப்சிக்குக் கோபுரம் வராவிட்டால் பதறாதே. அதை அடக்குவது முட்டையைச் சுற்றியுள்ள ஃபாலிக்கிள் செல்களில், எக்ஸ் குரோமோசோமின் ஃபிளமெங்கோ பகுதியிலிருந்து வரும் பை-ஆர்என்ஏ. அங்கே பிவி என்ற புரதம் மட்டும்தான். ஆபர்ஜினும் ஆகோ-3-உம் இல்லை. எதிராளியே இல்லாமல் என்ன பிங்-பாங்?

எனக்கு உண்மையான கவலை உன் மலட்டு ஈக்கள் மேல்தான். பி-எலிமென்ட் என்ற தாவும் மரபணு உள்ள ஆணை, அது இல்லாத பெண்ணோடு சேர்த்து 29 டிகிரியில் வளர்த்தால் மகள்களின் சூலகம் சுருங்கிப்போகும். ஜோடியைத் திருப்பிப் போட்டால் பிழைத்துக்கொள்வார்கள். குரோமோசோம்கள் இரண்டிலும் ஒன்றேதான். தாய் முட்டைக்குள் வைத்தனுப்பும் பை-ஆர்என்ஏதான் வேறு. உன் கலப்பில் தாய் எந்த வகை? குப்பியில் எழுதினாயா, இல்லை வழக்கம்போல "ஞாபகம் இருக்கும்"தானா?

அதை முதலில் எழுது. அதுவரை அந்தச் சீக்வென்சிங் படத்தை வாத்தியார் கண்ணில் காட்டாதே.

உன்
மச்சான்