அரைப்பேர்

மச்சான்,

நீ ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய வொய்ஸை இரண்டு தடவை கேட்டேன். நாலு நாள் சிகரட் இல்லாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் கடை சாத்தப் போகிற நேரம் ஒன்றைப் பற்ற வைத்துவிட்டாய், இனி இது எனக்குச் சரிவராது என்று முடித்திருந்தாய். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. உடனே பேசியிருப்பேன், ஆனால் இந்தக் கிழமை முழுக்க தேயிலை ஸ்டோரில் நைட் வேலை, நீ கடை சாத்தி ஓய்கிற நேரம் நான் கொழுந்து அரைக்கும் ரோலர் பக்கத்தில் நிற்கிறேன். பேசினால் பாதியை விட்டுவிடுவேன் என்பதாலும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

இன்றைக்கு எனக்கு நாற்பதரை நாள். அந்த அரை எங்கிருந்து வந்தது என்று பிறகு சொல்கிறேன்.

நான் விட நினைத்து விட்டவன் இல்லை. ஜனவரியில் பக்கத்து வீட்டு மாமிக்கு வாயில் ஒரு வெள்ளைத் தழும்பு, காரம் பட்டால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயப்படும்படி இல்லை, ஆனால் புகையிலையை இன்றோடு நிறுத்த வேண்டும், பாக்கும் தனியாகவே கெடுதல் செய்யும், அதனால் வெறும் வெற்றிலை பாக்கு என்று கதை சொல்லக்கூடாது என்றார். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலாவது வாய்ப்புற்றுநோய்தான் என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பி, நீங்கள் எத்தனை என்று கேட்டார். எட்டு என்றேன். மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகுதான், "நீ சிகரட்டை விடு, நான் பொயிலையை விடுறேன், தனியா என்னால முடியாது" என்றார். எழுபத்தொரு வயது, மச்சான். பன்னிரண்டு வயதில் கொழுந்து எடுக்க மலைக்குப் பேர் பதிந்த நாளிலிருந்து போடும் வெற்றிலை. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த தம்பி கண்ணாடியில் பார்த்து, "நான் விட்டு இன்னைக்கு எட்டாவது நாள், என்னையும் சேர்த்துக்கங்க" என்றான். இப்படி ஒரே ஆட்டோவுக்குள் மூன்று பேர் ஆனோம். நாலாவது ஆள் நம்ம தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா, ஞாபகம் இருக்கிறதா, காதில் பென்சில், வாயில் பீடி என்று இருந்தவர். அவர் விட்டு ஒன்பது வருசம் ஆகிவிட்டதாம், எனக்கு அது தெரியவே தெரியாது.

முதல் மூன்று நாளைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீயும் அதைத் தாண்டித்தான் வந்தாய். நிக்கொட்டின் உடம்பை விட்டுப் போக அந்த இரண்டு மூன்று நாள் ஆகும், அதுதான் உச்சம், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்று டாக்டரம்மா சொன்னார், அப்படித்தான் இருந்தது. தலையிடி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் கோபம். உன் தங்கச்சி ரொட்டிக்குச் சம்பல் கொஞ்சம் உறைப்பாக அரைத்ததற்கு நான் தட்டைத் தள்ளிவிட்டேன், அன்றைக்கு அவள் மலையிலிருந்து நனைந்து வந்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. இருமல் குறையும் என்று பார்த்தால் முதல் இரண்டு கிழமை கூடிற்று. நெஞ்சுக்குள் இருப்பதை வெளியே தள்ளும் வேலையை நுரையீரல் திரும்பத் தொடங்குகிறது, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

ஒரு விசயம் யாருமே எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் உனக்குக் கட்டாயம் சொல்கிறேன். தேத்தண்ணி. நாமெல்லாம் அதிலேயே வளர்ந்தவர்கள், ஒரு நாளைக்கு ஏழெட்டு பிளேன்டீ குடித்தாலும் படுத்தால் தூங்குவோம். சிகரட் குடிக்கிறவன் உடம்பு தேயிலை, கோப்பியில் இருக்கும் கஃபீனை வேகமாகக் கழித்துவிடுமாம். சிகரட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும், அதே அளவு தேத்தண்ணி இரண்டு பங்கு வேலை பார்க்கும். கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி இரண்டு மணிக்குக் கண் முழித்துக் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது, இதெல்லாம் சிகரட் கேட்கிறது என்றே நான் நினைத்தேன். பாதி தேத்தண்ணி செய்த வேலை அது. அந்திக்குப் பிறகு நிறுத்தினேன், பகலிலும் நாலோடு சரி. இரண்டே நாளில் தூக்கம் வந்தது. நீ கடையில் குடிக்கும் பால் தேத்தண்ணியையும் நெஸ்கபேயையும் ஒரு தடவை எண்ணிப் பார்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். ஆசை வருகிறதே, அது நின்று பிடிப்பது ஐந்து நிமிசம், மிஞ்சினால் பத்து. அதைக் கடந்துவிட்டால் தானாக இறங்கும், நீ குடித்தாலும் இறங்கும் குடிக்காவிட்டாலும் இறங்கும். அந்த ஐந்து நிமிசத்தைத் தனியாகக் கடப்பதுதான் மலை மாதிரித் தெரிகிறது. எங்கள் நாலு பேருக்கும் ஒரே ஏற்பாடுதான். ஆசை வந்தால் கூப்பிட வேண்டும், எடுக்கிறவர் புத்தி சொல்லக்கூடாது, எதையாவது பேசிக்கொண்டிருந்தால் போதும். ஆட்டோத் தம்பிக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் ஹட்டன் மல்லியப்பூ சந்தியில் நின்றபடி போகிற வண்டிகளைச் சொல்வான். நுவரெலியா பஸ் போகுது அண்ணே, பின்னால ரெண்டு லொறி, ஒரு வேன் நிறைய சிவனொளிபாதமலைக்குச் சாமி கும்பிடப் போற ஆளுங்க, சீசன்தானே, மஸ்கெலியாப் பக்கம் திரும்புது. நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான். இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் செய்கிறது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைக்காதது உனக்குத் தெரியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே அந்தப் பெரிய கல், அங்கே ஏறினால்தான் இரண்டு கோடு வரும். வீட்டிலிருந்து நாலு நிமிச ஏற்றம். முதல் கிழமை மூச்சு வாங்க ஓடிப் போய் ஏறுவேன், மேலே போய் போனைக் கையில் எடுக்கும்போதே பாதி அடங்கியிருக்கும், ஆனாலும் கூப்பிடுவேன். மாமிக்குப் போன் இல்லை. அவர் பக்கத்துக் காம்பராதான், நடுவில் ஒரு சுவர். பாக்கு உரல் உலக்கையை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். நான் எழும்பிப் போய் இஸ்தோப்புத் திண்ணையில் அவரோடு உட்காருவேன். வாயில் கராம்பு ஒன்றைப் போட்டு மென்றுகொண்டு, பழைய துரைமார் காலத்துக் கதை, யாருடைய கலியாணத்தில் யார் சண்டை பிடித்தது என்று சொல்வார். எத்தனையோ வருசம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் நான் அவரோடு இவ்வளவு பேசினதில்லை.

சரி, அரைக்கு வருகிறேன். பத்தொன்பதாவது நாள் கீழ் டிவிசனில் ஒரு சாவு, எனக்குப் பெரியப்பா முறை. விடிய விடிய மழை, வாசலில் தரப்பாள் கட்டியிருந்தார்கள், ஒரு பக்கம் தப்புச் சத்தம், ஒரு பக்கம் கார்ட் விளையாட்டு. நம்ம வழக்கம் தெரியும்தானே, வெற்றிலைத் தட்டு சுற்றி வரும், பக்கத்தில் பீடிக் கட்டு, ஒரு சின்னத் தட்டில் சிகரட். நான்கு தடவை தட்டு என் முன்னால் வந்தது, நான்கு தடவையும் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டேன். ஐந்தாவது தடவை அதைக் கொண்டுவந்தது செத்தவரின் பேரன், பத்து வயதுப் பிள்ளை, அழுது வீங்கிய முகம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பீடியை எடுத்தேன். எடுத்ததோடு நின்றிருக்கலாம். பற்ற வைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன், தலை சுற்றியது, வாயெல்லாம் கருகிய நாற்றம், காலுக்குக் கீழே போட்டு மிதித்தேன்.

எதிரே கணக்கப்பிள்ளை ஐயா கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தனை இழுப்பு?" என்றார். ரெண்டு என்றேன். "மூணாவது ஏன் இழுக்கல?" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை, தன் தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மறுநாள் விடியக்காலையில் என் வாசலில் வந்து நின்று ஸ்டோர் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம்.

அந்த ஞாயிறு நாலு பேரும் இஸ்தோப்பில் உட்கார்ந்தபோது கணக்கு பற்றி வாக்குவாதம். ஆட்டோத் தம்பி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத்தான் வேண்டும் என்றான், அவன் அதில் கண்டிப்பு. ஐயா தேவையில்லை என்றார். எனக்கே தம்பி சொல்வதுதான் சரி என்று பட்டது, பதினெட்டு நாளும் போயிற்று என்ற நினைப்பிலேயே அந்த மூன்று நாளும் இருந்தேன், இன்னொன்று குடித்தால் என்ன என்றுகூட வந்தது. மாமிதான் முடித்து வைத்தார். "கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான் போடுவாங்க, முன்னாடி வேலை செஞ்ச நாளையெல்லாம் செக்ரோல் சம்பளப் புத்தகத்துல அடிச்சா விடுவாங்க? இவனுக்கு அன்னைக்கு அரைப்பேர்." நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவர் சொன்ன கணக்கு, யாரும் மறுத்துப் பேசவில்லை. இதைச் சொல்லத்தான் மச்சான் இவ்வளவும் எழுதுகிறேன். நீ நாலு நாள் வேலை செய்திருக்கிறாய், ஐந்தாம் நாள் அரைப்பேர். உன் பெயரில் நாலரை நாள் இருக்கிறது, அதை நீயே அடித்துவிடாதே.

நல்லதும் சொல்கிறேன், அதுவும் வருகிறது. நாம் குளிருக்குத்தானே குடிக்கிறோம் என்று எவ்வளவு சொல்லியிருப்போம். நிக்கொட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, அதனால் விரல்கள் இன்னும்தான் குளிர்ந்துபோகும், சூடு ஏறியதாக நாமாக நினைத்துக்கொண்டது. மூன்றாவது கிழமை ஒரு நாள், வெளியே கையை நீட்டினால் தெரியாத பனிமூட்டம், குழாயடியில் முகம் கழுவிவிட்டு நிற்கிறேன், என் விரல் நுனி சூடாக இருக்கிறது. கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். இன்னொன்று, வாசம். ரோலரில் அரைபட்ட கொழுந்தைப் பரப்பி வைப்போம், பச்சை வாசம் மெல்ல மாறிப் பழ வாசம் ஏறும், அது ஏறுகிற பதத்தில் டிரையருக்கு அனுப்ப வேண்டும். டீ மேக்கர் குனிந்து மூக்கால் பார்ப்பார், நான் இத்தனை வருசமும் நேரத்தையும் நிறத்தையும் பார்த்தே வேலை செய்தவன். போன கிழமை ராத்திரி மூன்று மணிக்கு அந்த வாசம் திரும்புவது எனக்குத் தெரிந்தது. சொன்னேன், அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, ஆமா, சரி, அனுப்பு என்றார்.

காசையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிகரட் நூறு ரூபாவைத் தாண்டிவிட்டது, எட்டு என்றால் எண்ணூறுக்கு மேல். 2024இல் தோட்டத்து நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று வந்ததே, உன் தங்கச்சி அட்டைக்கடியோடு மலையில் நின்று போடுகிற பேரில் பாதிக்கு மேல் நான் ஊதியிருக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

உன் பக்கத்துக்கு வருகிறேன். நீ ஒன்று ஒன்றாக வாங்குகிறவன். பெட்டியில் 80 சதவீதத்துக்கு அந்தப் படங்கள் போட வேண்டும் என்று சட்டம் வந்ததே 2015இல், உன் கண்ணில் அது பட்டிருக்காது, கடைக்காரன் பெட்டியைத் திறந்து ஒன்றை உருவித் தருவான், நூலில் தொங்குகிற லைட்டரில் நீ பற்ற வைத்துக்கொண்டு நடப்பாய். அந்தக் கடை வழியாக ரூமுக்குப் போகாதே, பக்கத்துத் தெருவால் போ, ஒரு மாதத்துக்குத்தான். கொழும்பில் பெரிய பாமசிகளில் நிக்கொட்டின் சுவிங்கம் இருக்கிறதா என்று கேள், இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பாவித்துப் பார், அது கூட இருந்தால் விட முடிகிறவர்கள் அதிகம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உன்னைப் பற்றி எனக்குள்ள கவலை இது எதுவும் இல்லை. நீ யாரிடமும் சொல்லாமல் விடப் பார்த்தாய். கொட்டாஞ்சேனை ரூமில் தனியாக, நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு. நாம் சிகரட்டைத் தனியாகப் பழகவில்லை மச்சான், சிங்கமலை ரயில் சுரங்க வாசலில், மழைக்கு ஒதுங்கி நின்று, ஒன்றை இரண்டு பேரும் மாற்றி மாற்றி, கோச்சி வரும் சத்தம் கேட்டதும் கைக்குள் மறைத்து. அன்றைக்கு இரண்டு பேர் இருந்தோம், விடும்போது மட்டும் நீ ஏன் ஒருத்தன்?

மகள் பேராதனையில் நன்றாகப் படிக்கிறாள். லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் தருவதாகச் சொல்லி மழைக்காலமும் வந்துவிட்டது, வாளியை மாற்றி மாற்றி வைக்கிறோம். மாமியின் தழும்பு வெளிறியிருக்கிறது, வருகிற கிளினிக்குக்குப் போய்க் காட்ட வேண்டும். உன்னைப் பற்றிச் சொன்னேன், பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

இந்தக் கிழமை முடிந்தால் எனக்குப் பகல் வேலை. நீ கடை சாத்துகிற நேரம் ஏழரை என்று நினைக்கிறேன், அந்த நேரம் நான் வீட்டில்தான் இருப்பேன். முதல் தடவை கூப்பிட்டால் லைன் கிடைக்காது, வைத்துவிட்டு அங்கேயே நில், தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிரு. ஏழு இருபத்தைந்துக்கே நான் டோர்ச் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், மழையென்றால் கல் வழுக்கும், கொஞ்சம் பிந்தும். திரும்ப எடு.