அந்தக் கட்டத்தில் 2 போடுவதற்கு முன்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கம்பெனி, மில், பட்டறை, ஜவுளிக்கடை என்று சம்பளக் கணக்கு பார்க்கும் அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கும், மாதாமாதம் அவர்களுக்குச் சலான் போட்டுத் தரும் பிஎஃப், ஈஎஸ்ஐ கன்சல்டன்டுகளுக்கும்,

வணக்கம்.

முதலாளிகளுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "இது என்னன்னு பாருங்க" என்ற ஒற்றை வரியோடு உங்கள் மேசைக்கு வந்து சேரும். நடுவில் ஆள் எதற்கு என்று நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

நானும் இதே வேலையில் இருந்தவள். திருமங்கலம் ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் போய் வந்து, 19 வருடம் மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்து, சம்பளம் போட்டு, 15-ஆம் தேதிக்குள் சலான் கட்டி முடித்து மூச்சு விட்டவள். போன வருடம் எங்கள் கம்பெனியில் ஒரு யூனிட்டை மூடினார்கள். 10 பேரை அனுப்பினார்கள். அதில் நானும் ஒருத்தி.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு தாளை நீட்டினார்கள். "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்." கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாசகம் என்னுடையது. எத்தனையோ பேரிடம் நான் நீட்டிய தாள். நான் டைப் செய்து வைத்திருந்த ஃபைலில் தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றி பிரின்ட் எடுத்திருந்தார்கள். போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், 2018 ஜூலையிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது: அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. பெயர் நம் வாயில் நுழையாததாலோ என்னவோ, நம் பக்கத்தில் தொழிலாளிகள் பாதிப்பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வேலை போனவருக்கு அதிகபட்சம் 90 நாளைக்குப் பணம். ஆயுளில் ஒரே ஒரு முறை. முதலில் சராசரிக் கூலியில் 25 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது 50 ஆக்கினார்கள். 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதை 30 நாளாகக் குறைத்தார்கள். முதலாளி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டு, தொழிலாளியே நேராகக் கேட்கலாம் என்றார்கள்.

கணக்கு உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். மாதம் 14,000 வாங்கும் ஒரு மெஷின் ஆபரேட்டர். இரண்டு வருடச் சம்பளம் 3,36,000. அதை 730-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 460 ரூபாய் சொச்சம். அதில் பாதி 230. 90 நாளைக்கு ஏறக்குறைய 20,700. பெரிய பணமா என்று கேட்டால் இல்லை. வில்லாபுரத்தில் வாடகை, பிள்ளைக்கு ஒரு டெர்ம் ஃபீஸ், கேஸ், அரிசி என்று மூன்று மாதத்தைக் கந்துவட்டிக்குப் போகாமல் ஓட்டிவிடலாம். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு என்பது வேலை போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பணம் நின்றுபோகிற இடம் எது தெரியுமா? உங்கள் எக்ஸெல் ஷீட்.

மாதாமாதம் ஈஎஸ்ஐ இணையதளத்தில் ஏற்றுகிற அந்த ஷீட்டில் காப்பீட்டு எண், பெயர், நாட்கள், சம்பளம் என்று வரிசையாக வந்து, பிறகு ஒரு சின்னக் கட்டம் வரும். நாள் பூஜ்யமாக இருந்தால் காரணத்துக்கு ஓர் எண் போட வேண்டும். 1 என்றால் விடுப்பு. 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 3 ஓய்வு. 8 வேலை நிறுத்திவைப்பு. 10 ஆட்குறைப்பு. 11 வேலை இல்லை. இன்னும் சில எண்கள் உண்டு, ஆனால் 19 வருடத்தில் எனக்குப் பழக்கம் இரண்டே இரண்டு எண்கள்தான்: ஊருக்குப் போனவருக்கு 1, மற்ற எல்லோருக்கும் 2. கல்யாணம் ஆகிப் போன பெண்ணுக்கும் 2. மேஸ்திரியோடு சண்டை போட்டுப் போனவருக்கும் 2. ஆர்டர் இல்லை என்று நாமே வீட்டுக்கு அனுப்பியவருக்கும் 2. பத்து என்று ஓர் எண் இருப்பதை ஒருநாள்கூட யோசித்ததில்லை.

இந்தத் திட்டத்தில் தானாக வேலையைக் கைவிட்டவருக்குப் பணம் கிடையாது. விருப்ப ஓய்வில் போனவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது. அது நியாயம்தான். ஆனால் எது தானாக, எது அனுப்பி வைத்தது என்று ஈஎஸ்ஐ ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் எண்ணைப் பார்த்துத்தான். நான் விண்ணப்பம் போட்டுவிட்டுப் போய்க் கேட்டபோது அந்த அலுவலர் பொறுமையாகவே பேசினார். "அம்மா, உங்க எம்ப்ளாயர் 'லெஃப்ட் சர்வீஸ்'னு போட்டிருக்காங்க. ஆட்குறைப்புன்னா அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க." அவர் மேல் தப்பே இல்லை. திரையில் என்ன இருக்கிறதோ அதைத்தானே சொல்ல முடியும்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். கம்பெனியில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த தம்பி, "அக்கா, கன்சல்டன்ட்தான் போட்டாரு" என்றான். கன்சல்டன்டிடம் போனேன். "நீங்க அனுப்புற எக்ஸெல்லத்தானம்மா ஏத்துறோம்" என்றார். அதுவும் உண்மை. மேனேஜர் மட்டும்தான் மனம் விட்டுப் பேசினார்: "அத மாத்துனா எல்லாரும் செட்டில்மென்ட் கேப்பாங்களே."

இதுதான் காரணம் என்று உங்களுக்கும் தெரியும், நடிக்க வேண்டாம். ஒரு வருடம் வேலை பார்த்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ராஜினாமா என்றால் அந்தச் செலவு இல்லை. அந்த வெள்ளைத்தாளின் விலை அதுதான். முதலாளி தன் பணத்தை மிச்சம் பிடிக்கிறார், சரி, அது அவர் பழக்கம். ஆனால் ஈஎஸ்ஐ தரும் 20,000 ரூபாய் அவர் பணம் இல்லையே. தொழிலாளி சம்பளத்தில் மாதாமாதம் 0.75 சதவீதம் நாம் பிடித்துக் கட்டியது. அதைத் தடுப்பதால் கம்பெனிக்கு ஒரு பைசா லாபம் இல்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது கட்டம் நாட்கள். இதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

திட்டத்துக்கு இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு மாதம் ஒரு சந்தாக் காலம். வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் சந்தா கட்டிய நாள் 78 ஆவது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றிலும் 78. மாதத்துக்கு 13 நாள் போட்டால் ஆறு மாதத்தில் சரியாக 78 வந்துவிடும். 12 போட்டால் 72.

எங்கள் கம்பெனியில் பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, இருந்த மூன்று பெண்களுக்கு மாதம் 12 நாள் என்றுதான் ஷீட்டில் இருக்கிறது. அவர்கள் வந்தது 24, 25 நாள். போட்டது நான். "பாதி காட்டினால் போதும்" என்று மேலே சொன்னார்கள், போட்டேன். 14,000-க்குப் பதில் 7,000 காட்டினால் முதலாளியின் 3.25 சதவீதப் பங்கில் ஓர் ஆளுக்கு மாதம் 227 ரூபாய் 50 காசு மிச்சம். அதற்காக 72. ஷீட்டின் குறிப்பிலேயே தெளிவாக இருக்கிறது: சம்பளம் கொடுத்த நாட்களைப் போட வேண்டும், பின்னம் வந்தால் மேலே உள்ள முழு எண்ணுக்கு ஏற்ற வேண்டும் என்று. ஏற்றச் சொன்ன இடத்தில் நான் இறக்கினேன். வேலை இருக்கும்போதே உடம்பு சரியில்லாமல் படுத்தால் கிடைக்கிற 70 சதவீதச் சம்பளத்துக்கும் இதே 78 நாள்தான் கணக்கு என்பது அப்போதும் எனக்குத் தெரியும்.

ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்பில் கூட்டம் அலைமோதும்போது நானும் போவேன். கூலிக்கு மண் சுமந்த சொக்கநாதரை எல்லோருக்கும் தெரியும், பிரம்படி எல்லோர் முதுகிலும் பட்டது தெரியும். வைகைக் கரையை ஆளாளுக்கு அளந்து கொடுத்து, வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடவில்லை என்று மேலே போய்ச் சொன்ன ஆட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த வருடம் எனக்கு அவர்கள் ஞாபகமாகவே இருந்தது.

பெயர் விஷயம் சின்னது, ஆனால் இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். நமக்கு இன்ஷியல் ஒரு எழுத்து. ஆதாரில் அதுவே அப்பா பெயராக விரிந்து பின்னால் நிற்கும், பேங்க் பாஸ்புக்கில் முன்னால் நிற்கும், ஈஎஸ்ஐயில் இல்லாமலே இருக்கும். ஆள் சேரும் அன்றைக்கே ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தால் ஐந்து நிமிட வேலை. வேலை போன பிறகு திருத்தப் போனால் மூன்று வாரம். பிஎஃப்-இல் வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தடிப்பதும் இதே ரகம். அதற்காவது 2020-இலிருந்து ஒரு வழி பிறந்திருக்கிறது, கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே பதிந்துகொள்ளலாம்.

இடையில் ஒன்று. வேலை போனவர்கள் கேட்டால் "புதூர் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸுக்குப் போங்க, அங்க தருவாங்க" என்று கைகாட்டி விடாதீர்கள். என் சொந்தக்காரர்களே எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். அது மாநில அரசின் உதவித்தொகை, படித்துவிட்டு வேலைக்குப் பதிந்து ஐந்து வருடமாகக் காத்திருப்பவர்களுக்கு. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, பட்டதாரிக்கு 600. நேற்று வேலை போனவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. பஸ் செலவுதான் மிச்சம்.

உங்களிடம் முதலாளியை எதிர்த்து நில்லுங்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. 19 வருடத்தில் நானே நின்றதில்லை. ஆனால் நம் கையிலேயே கொஞ்சம் இருக்கிறது. ஆர்டர் இல்லாமல் அனுப்பினால் 10 போடுங்கள். யாராவது ஏன் என்று கேட்டால், அந்தக் கட்டத்துக்கு அர்த்தம் அதுதான் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அந்த ஷீட்டைத் திறந்து பார்க்கிற முதலாளியை நான் பார்த்ததில்லை. நாள் கணக்கைக் குறைக்கச் சொன்னால், பின்னால் பிடிபட்டால் பாக்கிச் சந்தாவுக்கு வருடம் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம் என்று எழுத்தில் ஒரு மெயில் போட்டுவிட்டு உட்காருங்கள். 227 ரூபாய் ஆசை அங்கேயே பாதி அடங்கும். போகிறவர் கையில் ஒரு துண்டுத்தாள் கொடுங்கள்: காப்பீட்டு எண், கடைசி வேலை நாள், 30 நாள் கழித்துக் கேட்கலாம் என்ற விவரம். ராஜினாமா வாசகம் டைப் செய்து வைத்திருக்கும் ஃபைல் உங்களிடமும் இருக்கும். அதை அழித்துவிடுங்கள். புதிதாக டைப் செய்யச் சொன்னால் செய்து கொடுங்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அடியுங்கள். கை கொஞ்சம் யோசிக்கும்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் 2 போட்டு அனுப்பிய ஓர் அக்கா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கட்டுப் பூ விற்கிறார். என்னைப் பார்த்தால் ஒரு முழம் கூடுதலாக வைத்து, "வேலைக்கெல்லாம் போறியாம்மா?" என்று கேட்பார். அப்படி ஒரு பணம் அவருக்கு வர வேண்டியிருந்தது என்று இதுவரை நான் சொல்லவில்லை. இனிச் சொல்லியும் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்கள் 10 பேரில், ஐந்து வாரம் கேட்டில் நின்று வாங்கிய கடிதத்தால் ஏழு பேருக்குப் பணம் ஏறிவிட்டது, என்னையும் சேர்த்து. மீதி மூன்று பேர் அந்த 72 நாள் பெண்கள்தான். அவர்களோடு வருகிற புதன்கிழமை காலை 11 மணிக்கு மறுபடி கம்பெனிக்கு வருகிறேன்.

அங்கே என் நாற்காலியில் இருக்கும் தம்பிக்கு: அந்த இரண்டு வருடத்தின் அசல் மஸ்டர் தொலைந்துவிட்டது என்று போன தடவை சொன்னாய். மாடி ஸ்டோர் ரூமில், இடது பக்கத்து இரும்பு அலமாரியில், மூன்றாவது தட்டில், பழைய டைரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. வைத்தது நான்தான். நாங்கள் வருவதற்குள் எடுத்து வை.